நாமும் திறந்து பார்க்கலாம்

எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில், அலுமாரியின் மேல்தட்டில், பழைய துணியொன்றால் சுற்றப்பட்டு ஒரு மடிக்கணினி இருக்கும். நானா கெம்பஸில் படித்த காலத்தில் பாவித்ததாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டு வந்ததாக இருக்கலாம். "அது வேலை செய்யாது" என்று வீட்டார் சொல்வார்கள். ஏன் வேலை செய்யாது என்று கேட்டால் பெரும்பாலும் எவருக்கும் பதில் தெரியாது. ஒருநாள் பொத்தானை அழுத்தியபோது அது எழும்பவில்லை, அவ்வளவுதான்.

அரைமணி நேரம் செலவழித்துப் பார்க்காமல் ஒரு மடிக்கணினியைச் "செத்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதே என் கருத்து. அப்படிப் பார்க்கும் வேலையை வீட்டுப் பெண்பிள்ளைகளான நாங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும்.

இது சின்ன விடயம் என்று யாரும் நினைக்கலாம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் சின்னப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிய செய்தியை 2021 இல் உலகப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பகுதியில், மலையுச்சி மரவீடு ஒன்றுக்குப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற செய்தியும் வந்தது. மறு வருடம் பொருளாதார நெருக்கடி. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. புதிய மடிக்கணினி வாங்க நினைத்திருந்த குடும்பங்கள் அந்த நினைப்பையே விட்டுவிட்டன. இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருக்கிறது என்று தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகள் சொல்கின்றன. தோட்டப்புறத்தில் அது மிகக் குறைவு. இப்படியான ஓரிடத்தில், இருக்கின்ற ஒன்றையும் பார்க்காமலேயே ஒதுக்கிவைப்பது பெரிய இழப்பு.

அப்படியானால் என்ன பார்ப்பது? முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுவரிலுள்ள பிளக் பொயின்டில் வேறொரு பொருளைப் போட்டுப் பாருங்கள். சதுரப் பின் பிளக் என்றால் அதற்குள் ஒரு சிறிய பியூஸ் இருக்கிறது. மின்னல் காலத்தில் அதுமட்டும் போயிருக்கவும் கூடும். சார்ஜரில் விளக்கு எரிகிறதா, வயர் எங்காவது மடிந்து உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு சார்ஜர் போட்டுப் பார்ப்பதென்றால் வோல்ட் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். அம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. இரண்டும் சார்ஜரின் அடியிலேயே எழுதியிருக்கும்.

அதன் பிறகு, பலருக்கும் தெரியாத ஒரு இலகுவான வழி. சார்ஜரைக் கழற்றுங்கள், பற்றரியையும் கழற்றுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி வரை அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பின்னர் பற்றரி இல்லாமல் சார்ஜரை மட்டும் போட்டு இயக்கிப் பாருங்கள். பழுதான பற்றரி ஒன்று முழுக் கணினியையும் எழும்பவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தால் அது இப்போது தெரிந்துவிடும்.

விளக்கு எரிந்து, விசிறிச் சத்தமும் கேட்டு, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது வேறு கதை. இருட்டில் டோர்ச் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணினி ஓடுகிறது, திரையின் பின்விளக்குத்தான் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால், வீட்டுத் தொலைக்காட்சியுடன் வயரால் இணைத்துப் பார்க்கலாம். அதிலும் வராவிட்டால் அடுத்த சந்தேகம் ரேம். சில கணினிகள் எழும்பாதபோது பீப் சத்தம் போடும், சில விளக்கைச் சிமிட்டும். எத்தனை தடவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதன் அர்த்தம் அந்தக் கம்பனியின் கைநூலில் இருக்கும்.

திரையில் எழுத்து வந்து, "துவக்க எதுவும் கிடைக்கவில்லை" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றால், பதற வேண்டாம். முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள். அப்படியும் அதே வரி வந்தால் வன்தட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் மேலும் மேலும் இயக்கிப் பார்க்காதீர்கள். உள்ளேயுள்ள குறிப்புகளையும் படங்களையும் காப்பாற்றுவதுதான் அப்போது முக்கியம்.

எங்கள் வீட்டு மடிக்கணினி, நான் தரம் 12 இல் படிக்கும்போது இப்படித்தான் நின்றது. விளக்கு எரியும், திரை வராது. கடையில் காட்டினோம். "போர்ட் போயிட்டு, 18,000 ஆகும்" என்றார்கள். அந்தக் காசு எங்களிடம் இருக்கவில்லை. வாப்பா அதைத் திரும்பக் கொண்டு வந்து வைத்தார். அந்த வகை மடிக்கணினியைத் திறக்கும் முறையை நான் படித்துவிட்டு, சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, ஒரு இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டு, கீழ்மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினேன். ரேமை மெதுவாக எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் இலேசாகத் துடைத்து, தூசு தட்டி, கிளிக் என்று சத்தம் வரும்வரை திரும்பச் செருகினேன். கணினி எழும்பியது. எங்கள் மலைநாட்டுப் பனியிலும் ஈரத்திலும் அந்த இணைப்பில் அழுக்குப் படிந்திருந்தது, வேறொன்றுமில்லை. கடைக்காரர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய மேசையில் பத்துக் கணினிகள் காத்திருந்தன. எங்கள் மேசையில் ஒன்றுதான் இருந்தது. பொறுமையாகப் பார்க்க எங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது.

இதில் பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மடிக்கணினிக்குள் நம்முடைய பாடக் குறிப்பு மட்டுமா இருக்கிறது? தாத்தாவின் கல்யாணப் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வீட்டார் அனுப்பிய குரல்பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. அதை அப்படியே முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு கிழமைக்குப் பிறகு போய் எடுக்கிறோம். பல உம்மாமார் பழுதான கணினியைக் கடைக்குக் கொடுக்கத் தயங்குவது இதனால்தான். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு கணினியை அலுமாரிக்குள் பூட்டிவைப்பதல்ல. பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் வன்தட்டை ஒன்றிரண்டு ஸ்குரூவைக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். வன்தட்டு நம் வீட்டில் இருக்கட்டும், மீதி கடைக்குப் போகட்டும். வீட்டார் நம்பி வைத்த அமானிதத்தைக் காப்பதற்கு இந்தச் சிறு அறிவு போதும்.

பெற்றோர் சொல்லும் தடைகளும் எனக்குத் தெரியும். "கரண்ட் அடிக்கும், தொடாதே" என்பது முதலாவது. சார்ஜரின் பெட்டிக்குள் வீட்டு மின்சாரம், 230 வோல்ட், இருக்கிறது. அதை ஒருபோதும் திறக்கக்கூடாது. ஆனால் சார்ஜரிலிருந்து மடிக்கணினிக்குள் வருவது பெரும்பாலும் 19 வோல்ட் அளவுதான். சார்ஜரையும் பற்றரியையும் கழற்றிய பிறகு அதுவும் இல்லை. உண்மையில் பயப்பட வேண்டியது ஊதிப்போன பற்றரிக்கு. அதைக் குத்தவோ அமர்த்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது, வீட்டுக் குப்பையிலும் போடக்கூடாது. தண்ணீரோ தேநீரோ கொட்டிய கணினியையும் இயக்கிப் பார்க்கக்கூடாது. இவற்றைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

"இது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை" என்பது இரண்டாவது தடை. தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் விட்டு, ஊசி உடைந்தால் மாற்றி, நூல் சிக்கினால் எடுத்துச் சரிசெய்கிற உம்மாமார் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. எங்களைச் சுற்றியுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் வெள்ளைக்காரன் காலத்து ரோலர் மெஷின்கள் இன்னும் சுழல்கின்றன என்றால், காலந்தோறும் யாரோ அவற்றைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பழைய இயந்திரம் வாழ்வது அப்படித்தான்.

எல்லாக் கணினியையும் எழுப்பிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. திருத்துவதற்கான செலவு இன்னொரு பாவித்த கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவதுதான் புத்தி. ஆனால் "பழையது" என்ற ஒரே காரணத்துக்காக விடக்கூடாது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. ஏறத்தாழ 2018 க்கு முந்திய பெரும்பாலான கணினிகள் விண்டோஸ் 11 க்குத் தகுதி பெறுவதில்லை. அதனால் நல்ல கணினிகளும் ஒதுக்கப்படுகின்றன. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்களை அவற்றில் போடலாம். கட்டுரை எழுதவும், கடந்தகால வினாத்தாள் பார்க்கவும், செயலட்டை தயாரிக்கவும் அது தாராளமாகப் போதும். 2022 இல் மட்டும் உலகில் 6 கோடி 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 வீதம்தான் முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அந்தக் குவியலில் எங்கள் அலுமாரிக் கணினியும் சேர வேண்டுமா?

நாம் தரம் 6 தொடக்கம் கணினியின் பாகங்களைப் படம் வரைந்து பெயர் குறித்துப் படிக்கிறோம். ரேம் என்றால் என்ன என்று இரண்டு புள்ளிக்கு எழுதவும் எமக்குத் தெரியும். ஆனால் எங்களில் பலர் ஒரு ரேமைக் கையில் பிடித்ததில்லை. ஆகவே நம் கல்லூரிக் கணினி ஆய்வுகூடத்தில் திருத்தும் மேசை ஒன்று வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு ஸ்குரூ டிரைவர் தொகுதி, ஒரு மல்டிமீற்றர், ஒரு தூரிகை, பழுதான இரண்டு கணினிகள் போதும். மாதத்தில் ஒரு நாள், பாடசாலை முடிந்து ஒரு மணித்தியாலம், ஆசிரியை ஒருவரின் மேற்பார்வையில் மாணவிகள் தங்கள் வீட்டுக் கணினிகளைக் கொண்டு வந்து பார்க்கட்டும். பக்கத்திலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினித் துறை மாணவர்கள் இருக்கிறார்கள். அழைத்தால் ஒரு நாள் வந்து சொல்லித் தரமாட்டார்களா?

சகோதரிகளே, அடுத்த விடுமுறையில் அந்த மேல்தட்டுக் கணினியை இறக்குங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஸ்குரூக்களை ஒழுங்காக ஒரு சோஸரில் போடுங்கள், கழற்ற முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரே, அந்த அரைமணி நேரம் "படிக்காமல் என்ன செய்கிறாய்?" என்று கேட்காதீர்கள். உங்கள் மகள் அப்போதும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.