குழந்தை விடும் குறட்டை: “அசந்து தூங்குறான்” என்று விட்டுவிடாதீர்கள்!

“மக்கு” என்று அடி வாங்கும் பிள்ளைகள் பற்றி ஒரு அலசல்

(நமது நிருபர்)

இரவு 1 மணி. போலீஸ் நிலையத்தில் செய்தி சேகரித்துவிட்டு நிருபர் வீடு திரும்புகிறார். ஒண்டுக்குடித்தன வீடு. பக்கத்துப் போர்ஷனில் இருந்து “கொர்... கொர்...” என்று சத்தம். வீட்டுக்காரர் விடும் குறட்டை என்று நினைத்தால் தப்பு. குறட்டை விடுவது 6 வயதுப் பையன்!

திடீர் என்று சத்தம் நிற்கிறது. மனதுக்குள் பத்து எண்ணி முடிக்கும் வரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு “ஹக்” என்று ஒரு திணறல். மறுபடியும் குறட்டை.

காலையில் குழாயடியில் தாயாரிடம் கேட்டால், “அதுவா தம்பி? நாள் பூரா ஆட்டம் போடுறான்ல, அசந்து தூங்குறான். அப்படியே அவங்க அப்பா மாதிரி” என்று சிரிக்கிறார்.

அதே பையன் பள்ளிக்கூடத்தில் “மக்கு” என்று பெயர் எடுத்தவன். பாடத்தில் கவனம் இல்லை என்று அங்கே திட்டு. வீட்டுக்கு வந்தால் அடி.

இரவில் கேட்கும் சத்தத்துக்கும், பகலில் வாங்கும் அடிக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். இன்று நேற்றல்ல, 130 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்கிறார்கள்!

தூக்கத்தில் மூச்சடைப்பு

தொண்டையின் இரண்டு பக்கமும் உள்ள சதைக்கு டான்சில் என்று பெயர். மூக்குக்குப் பின்னால் இருப்பது அடினாய்டு. 2 வயது முதல் 8 வயது வரை, மூச்சு போகும் பாதையின் அளவோடு பார்த்தால், இவை பெரிதாக இருக்கும்.

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கினால் தசை தளர்ந்துவிடுகிறது. பாதை குறுகி, காற்று உரசிக்கொண்டு போகிறது. அதுதான் குறட்டை.

பாதை முழுசாக அடைத்துக்கொண்டால்? மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி உசுப்பிவிடுகிறது. பிள்ளை திணறி மூச்சை இழுக்கிறான். அவன் கண் விழிப்பதில்லை. காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கம் துண்டு துண்டாகி இருக்கும்.

பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவை இப்படி நடந்தால் நோய்க் கணக்கு. குழந்தைகளுக்கு மணிக்கு ஒரு தடவை நடந்தாலே சரியில்லை என்பது டாக்டர்கள் கணக்கு. 100 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு இந்த மூச்சடைப்பு இருக்கிறது. வழக்கமாகக் குறட்டை விடும் பிள்ளைகள் இதைவிட அதிகம்.

தூசு தட்டிய பழைய பைல்

1889-ம் ஆண்டு. இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹில், பிள்ளைகள் படிப்பில் மந்தமாக இருப்பதற்கு மூக்கு, தொண்டை அடைப்பும் ஒரு காரணம் என்று மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

1892-ல் வில்லியம் ஆஸ்லர் என்ற பிரபல டாக்டர், தன் மருத்துவப் பாடப் புத்தகத்தில் இதே விஷயத்தைத் தொட்டார். டான்சில் வீங்கிய பிள்ளை இரவில் சத்தமாக மூச்சு விடும், நடுவில் மூச்சு நிற்கும், பிறகு திணறி இழுக்கும் என்று எழுதினார். பக்கத்துப் போர்ஷனில் கேட்ட அதே சத்தம்தான்!

அப்புறம் என்ன ஆச்சு? பைல் தூசு படிந்து கிடந்தது. 84 வருஷம் கழித்து, 1976-ல், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கில்லமினோ என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும், தூக்கத்தில் மூச்சு நிற்கும் 8 குழந்தைகளைக் கருவி வைத்துச் சோதித்து எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் குழந்தைகளின் மூச்சடைப்பை மருத்துவ உலகம் தனி நோயாகத் திரும்பிப் பார்த்தது.

கடைசி பெஞ்சில் சோதனை

1998-ல் அமெரிக்காவில் டாக்டர் டேவிட் கோசல் செய்த ஆய்வைக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்பில் மார்க் வரிசைப்படி கடைசிப் பத்தில் ஒரு பங்கில் கிடந்த பிள்ளைகள் 297 பேர். அவர்களுடைய தூக்கத்தைச் சோதித்தார். 54 பேருக்கு இரவில் மூச்சுக் கோளாறு! அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

அவர்களில் 24 பேருக்கு டான்சில், அடினாய்டு ஆபரேஷன் நடந்தது. மற்ற 30 பேரின் பெற்றோர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்த வருஷம் பார்த்தால், ஆபரேஷன் ஆன பிள்ளைகளின் மார்க் ஏறி இருந்தது. மற்றவர்களுடையது அப்படியே இருந்தது.

உடனே “எல்லா மக்குக்கும் ஆபரேஷன்” என்று கிளம்பிவிடக்கூடாது. யாருக்கு ஆபரேஷன் என்பதை இங்கே பெற்றோரே முடிவு செய்தார்கள். அக்கறை உள்ள பெற்றோர் வேறு வகையிலும் பிள்ளையைக் கவனித்திருக்கலாம் அல்லவா?

கத்தி வைத்தே ஆகவேண்டுமா?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 5 முதல் 9 வயது வரை உள்ள, மூச்சடைப்பு இருக்கும் 464 குழந்தைகள். சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பிரிவைக் கவனித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மிகக் கடுமையான நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை.

முடிவு 2013-ல் வெளிவந்தது. 7 மாதத்தில், ஆபரேஷன் ஆனவர்களில் 100-க்கு 79 பேருக்குத் தூக்கச் சோதனை சரியானது. காத்திருந்தவர்களில்? அவர்களிலும் 100-க்கு 46 பேருக்குத் தானாகவே சரியானது!

கவனத்தை அளக்கும் பரீட்சையில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நடத்தை, பகல் தூக்கம், அன்றாட வாழ்க்கை இவற்றில் ஆபரேஷன் ஆன பிள்ளைகள் முந்திவிட்டார்கள். லேசான கோளாறு உள்ள 459 குழந்தைகளிடம் நடந்து 2023-ல் வெளிவந்த இன்னொரு சோதனையும் ஏறக்குறைய இதையே சொல்லியது.

இதில் இருந்து தெரிவது இரண்டு. ஒன்று, ஆபரேஷன் மார்க் வாங்கித் தரும் மந்திரம் அல்ல. இரண்டு, டாக்டர் பார்வையில் காத்திருப்பது வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு.

கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1991, 1992 வாக்கில் பிறந்த 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வருஷக் கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். சின்ன வயதில் குறட்டை, வாயால் மூச்சு, மூச்சு நிற்பது என்று கஷ்டப்பட்ட பிள்ளைகளிடம், 7 வயதில் முரட்டுத்தனம், அமைதியின்மை, மற்றவர்களோடு ஒட்டாமை ஆகியவை அதிகம் இருந்தன. 2012-ல் வந்த தகவல் இது. மூச்சைக் கவனித்தது எந்தக் கருவி தெரியுமா? தாய்மார்களின் காது!

பகலில் கிடைக்கும் துப்பு

சளி பிடித்த நாளில் குறட்டை சகஜம். வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல், சளி இல்லாமலும் குறட்டை வந்தால் கவனியுங்கள்.

நடுவில் மூச்சு நிற்கிறதா? வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குகிறானா? வேர்த்துக் கொட்டுகிறதா? நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்ததா? காலையில் தலைவலி என்கிறானா?

இன்னொரு வினோதம். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் ஆபீசில் தூங்கி வழிவார்கள். குழந்தைகள் பலர் அப்படி இல்லை. துள்ளுவார்கள், கோபப்படுவார்கள், ஓர் இடத்தில் உட்காரமாட்டார்கள். அதனால்தான் பலர் இதைத் தூக்கக் கோளாறு என்று சந்தேகிப்பதே இல்லை. கடுமையான நோயைப் பல காலம் விட்டால் வளர்ச்சி குறையும், இருதயத்துக்கும் பாரம்.

என்ன செய்யலாம்?

குறட்டைச் சத்தத்தை வைத்து மட்டும் நோயைத் தீர்மானிக்க முடியாது. டான்சில் பெரிதாக இருந்தாலே நோய் என்றும் இல்லை. இரவு முழுக்கக் கருவி பொருத்திப் பார்க்கும் தூக்கச் சோதனைதான் உறுதியாகச் சொல்லும். முதல் படி அதைவிடச் சுலபம். பிள்ளை குறட்டை விடும்போது செல்போனில் 2 நிமிஷம் படம் பிடியுங்கள். காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். அரசு பொது ஆஸ்பத்திரிகளிலும் இந்தப் பிரிவு உண்டு.

லேசாக இருந்தால் மூக்கில் அடிக்கும் மருந்தே போதலாம். பருமனான பிள்ளைக்கு எடை குறையவேண்டும். ஆபரேஷன் என்றால் ரத்தக்கசிவு ஆபத்து சில நாள் வரை உண்டு, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்குள் பீடி, சிகரெட் பிடித்தால் பிள்ளையின் குறட்டைக்கு நீங்களும் ஒரு காரணம்.

இதையெல்லாம் குழாயடியில் நிருபர் சொல்லி முடித்ததும், அந்தத் தாயார் சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப, நாங்க அவனை அடிச்சதெல்லாம் தப்பா தம்பி?”

“டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் அக்கா. அதுவரைக்கும் அடிக்காதீங்க” என்றார் நிருபர்.