கட்டளையிட்டால் கண் திறக்குமா?



"இந்தப் படத்தை நாட்டிலுள்ள ஒவ்வொருவரும் பார்த்தே ஆகவேண்டும், சட்டம் போட்டாவது காட்டவேண்டும்!" என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. எதிர் முகாமில் மட்டுமன்று. நம் அணியிலும் எழுகிறது. நல்ல கருத்தைச் சொல்லும் படமாயிற்றே, கட்டாயப்படுத்தினால் குற்றமென்ன என்று கேட்கின்றனர். குற்றம் உண்டு. அதனை இந்த நாடு பட்டும் அறிந்திருக்கிறது.

இந்தக் கட்டாயத்தைப் பெற்றெடுத்தது எது? வெள்ளை ஏகாதிபத்தியம்! உலகப் போர் மூண்டிருந்த 1943-இல், அரசு ஏற்பளித்த படங்களை ஒவ்வொரு காட்சியிலும் 2,000 அடி வரை காட்டியே தீரவேண்டும் என்று இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஆணை பிறந்தது. போர் முடிந்தது, 1946-இல் அந்த ஆணையும் மடிந்தது. மடிந்ததை உயிர்ப்பித்தவர்கள் யார்? விடுதலை பெற்ற நாட்டின் ஆட்சியாளர்கள்! 1948-இல் மைய அரசின் திரைப்படப் பிரிவு அமைந்தது. கொட்டகை உரிமத்தின் நிபந்தனையாகவே கட்டாயம் திரும்பி வந்தது. படத்தைக் காட்டவும் வேண்டும். அதற்கு வாடகையைக் கொட்டகைக்காரரே கட்டவும் வேண்டும்!

விளைந்தது என்ன? விழுப்புரத்தை அடுத்த கெடார் போன்ற ஊர்களின் உழவர் பெருமக்களை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் கழனியில் பாடுபட்டு, இரவில் டூரிங் கொட்டகை மணலில் அமர்ந்தவர்கள் அவர்கள். நகரங்களையெல்லாம் சுற்றிக் களைத்த படச்சுருள், கடைசியாகத்தான் சிற்றூருக்கு வந்து சேரும். வெள்ளம் வடிந்து வயலும் காய்ந்த பிறகு, திரையிலே வெள்ளச் செய்தி! "நியூஸ் ரீல் முடியட்டும்" என்று வெளியே நின்று பீடி புகைத்தனர் மக்கள். அரசு பேசும்போது எழுந்து போகலாம் என்பதே கட்டாயம் கற்றுத்தந்த பாடம்!

கொட்டகை உரிமையாளர்கள் வழக்காடினர். 1999-இல் உச்சநீதிமன்றம் கட்டாயம் செல்லும் என்றது. சட்டம் வென்றது, மனங்களை வென்றதா? 2016-இல் திரையரங்குகளில் நாட்டுப்பண் கட்டாயம் என்று அதே மன்றம் ஆணையிட்டது. 2018-இல் கட்டாயமில்லை என்று தானே மாற்றிக்கொண்டது.

1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யைப் பார்க்கச் சொல்லி ஆணையிட்டவர் யார்? தடைசெய்க என்றல்லவா கூக்குரல் எழுந்தது! ஆயினும் மக்கள் திரண்டனர். வசனங்களை மனப்பாடம் செய்தனர். தெருவெல்லாம் ஒலித்த அந்தத் தமிழை எந்தச் சட்டம் ஊட்டியது?

"மக்கள் பார்வைக்கே எட்டாத நல்ல படங்களுக்கு வழி என்ன?" என்று கேட்பீர்கள். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை ஜப்பார் படேல் இயக்கி, மம்மூட்டி நடித்தார். அரசுப் பணத்தில் உருவாகி 2000-இல் வெளிவந்த அந்தப் படம், தமிழ் பேசித் தமிழ்நாட்டுத் திரைக்கு வந்தது 2010-இல்! அதற்கும் உயர்நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஊரூராய்ச் சுருள் அனுப்பிக் கட்டாயம் காட்டிய அதிகாரம், அண்ணலை மட்டும் ஏன் பத்தாண்டுகள் காக்க வைத்தது? கட்டாயம் என்னும் சாட்டை, நாற்காலியில் இருப்பவன் கைக்குத்தான் போகும். இன்று நாம் திரித்துக் கொடுக்கும் சாட்டை, நாளை நம் முதுகையே தேடி வரும்!

தந்தை பெரியாரின் வாழ்க்கை 2007-இல் படமாயிற்று. நான் சொல்வதற்காக நம்பாதே, உன் அறிவைக் கொண்டு ஆராய்ந்து ஏற்றுக்கொள் என்று மேடைதோறும் முழங்கியவர் அவர். அவரது படத்தை அதட்டிக் காட்டுவது அவருக்கே அவமதிப்பன்றோ!

ஆகவே தோழர்களே, சட்டம் கேட்டு நிற்காதீர்கள். திரைச்சீலையைத் தோளில் சுமந்து ஊருக்குள் செல்லுங்கள். ஊர்த்தெருவில் மட்டுமன்று, சேரியிலும் கட்டுங்கள். இரு பகுதி மக்களையும் ஒரே மணலில் அமர்த்துங்கள். படம் முடிந்ததும் விளக்கை ஏற்றி விவாதியுங்கள். மாற்றுக் கருத்துடையவனை முதலில் பேசவிடுங்கள். எழுந்து போகும் உரிமை இருந்தும் எழாமல் அமர்ந்திருக்கிறானே ஒருவன், அவன்தான் நாளைய நம் தோழன்!