ஃபார்மட் செய்வதற்கு முந்தைய நாள்

2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை, 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பத்தாண்டுக் காலம் இந்திய வீடுகளில் புழங்கிய இயங்குதளம் அது. இப்போது விண்டோஸ் 11க்கோ லினக்ஸுக்கோ மாற நினைப்போரில் பலர், கணினியைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து, "எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டு ஃபார்மட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். பிழை அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. "எல்லாம்" என்பது எவையெவை என்று கடைக்காரர் அறியமாட்டார். அதை அறிந்தவர்கள் வீட்டார் மட்டுமே. ஆகவே நிறுவும் வேலையைப் பிறரிடம் விடலாம். அதற்கான ஆயத்தத்தை விடக் கூடாது.

வட்டைச் சி, டி, ஈ எனப் பிரித்து விற்பது இங்கு நெடுநாள் வழக்கம். இயங்குதளம் சியில், நம் கோப்புகள் டியில் என்ற நம்பிக்கை அதனால் வேரூன்றியது. ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்றும், யாரும் மாற்றி வைக்காதவரை, சியிலேயே இருக்கின்றன. மகளின் மதிப்பெண் பட்டியலும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் படியும் பெரும்பாலும் கிடப்பது அங்கேதான். வீட்டிலிருந்தே சிறு வணிகம் நடத்துவோரின் டேலி கணக்குகளும், வேறிடம் குறிப்பிடாவிட்டால், சியில் உள்ள பப்ளிக் கோப்புறைக்குள்தான் சேர்கின்றன. சியை அழித்துப் புதிதாக நிறுவும்போது இவை அனைத்தும் போய்விடும்.

கோப்பு பிழைத்தும் பொருள் அழிவதுண்டு. யூனிகோடு பரவலாவதற்கு முன் இந்திய மொழிகளில் தட்டச்சான ஆவணங்கள் பல, இந்தியில் கிருதிதேவ், கன்னடத்தில் நுடி, தமிழில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களை நம்பியவை. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் நம் எழுத்து வடிவங்களைப் பொருத்தி இயங்கியவை அவை. எழுத்துருக்கள் இருப்பதோ சி பகுதியின் விண்டோஸ் கோப்புறைக்குள். நிறுவியபின் அந்த எழுத்துரு இல்லையென்றால், பத்திரமாகப் படியெடுத்து வைத்த ஆய்வேடும் தாத்தா சொல்லிப் பேரன் தட்டச்சு செய்த குடும்ப வரலாறும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகத் திறக்கும். கோப்போடு எழுத்துருவையும் படியெடுக்க வேண்டும். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றிய படி ஒன்றும் வேண்டும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

புதிய மடிக்கணினிகளில் வேறொரு பொறி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே, பயனர் கேளாமலேயே வட்டு குறியாக்கம் செய்யப்படுவதுண்டு. அத்தகைய கணினியில் சியை மட்டும் அழித்து நிறுவினால், தொடாமல் விட்ட டி பகுதி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் கணக்கைத் தொடங்கியவரின் இணையப் பக்கத்தில் இருக்கும். கணினி வாங்கிய நாளில் விற்பனையாளரே ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருந்தால், அந்த மின்னஞ்சலைத் தேட வேண்டிய நேரம் நிறுவலுக்கு முன்புதான், பின்பு அன்று.

"தவறினால் மீட்டுக்கொள்ளலாம்" என்ற துணிவும் பழங்காலத்தது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், மேலெழுதப்படாத கோப்பை மென்பொருள் கொண்டு மீட்கப் பெரும்பாலும் இயன்றது. எஸ்எஸ்டி வட்டில், அழித்த இடத்தை இயங்குதளம் வட்டுக்கு அறிவித்துவிடும். வட்டும் அதைத் தானே காலி செய்துவிடும். பிறகு மீட்பது அரிது.

இழப்பைத் தவிர்த்தாலும் அந்தரங்கம் எஞ்சி நிற்கிறது. கடையில் எடுக்கும் பேக்கப், கடையின் வட்டில் ஏறி இறங்குகிறது. ஆதார் படிகள், வங்கி அறிக்கைகள், வீட்டுப் பெண்களின் படங்கள் யாவும் அதில் அடங்கும். வேலை முடிந்தபின் அந்தப் படி அழிக்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்தப் பொறுப்பை அவர் தலையில் ஏற்றுவது முறையன்று.

தொழில்நுட்பம் அறியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஆயத்தத்தில் பெரும்பகுதிக்கு வேண்டியது வீட்டைப் பற்றிய அறிவே. ஒரு மாலை வீட்டார் அனைவரும் கணினிமுன் அமர்ந்து, யாருடையவை எங்கே உள்ளன என்று தாளில் எழுதலாம். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், தனியாக விலைகொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிமச் சாவிகள், அச்சுப்பொறியின் மாதிரி எண் ஆகியவற்றையும் அதில் சேர்க்க வேண்டும். பின்னர் அனைத்தையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அந்த வட்டை வேறொரு கணினியில் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்புவதற்கில்லை.

நிறுவத் தொடங்குமுன் அந்த வெளி வட்டைக் கழற்றிவிட வேண்டும். நிறுவல் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தென்படா. எண்ணையும் அளவையும் கொண்டே பகுதிகளை அடையாளம் காண வேண்டியிருக்கும். அவசரத்தில் பேக்கப் வட்டையே அழித்துவிடுவது நடக்கக்கூடியது. மேசைக் கணினி உள்ளவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு: புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் நிறுவிவிட்டு, பழைய வட்டை அழிக்காமல் சில மாதங்கள் அலமாரியில் வைத்திருக்கலாம்.

இவ்வளவும் முடிந்தபின் கணினியைக் கடைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அப்போது கடைக்காரரிடம், "இதில் எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை, முழுவதும் அழித்துவிடலாம்" என்று அச்சமின்றிச் சொல்ல முடியும்.