60 வயதில் புதுப் பரீட்சை கண்ட வாத்தியார்

"இண்டர்நேஷனல் ஸ்கூல்."

ஊருக்கு ஊர் இந்தப் பலகையை இப்போது பார்க்கிறோம். சென்னை, கோவை போன்ற பெரிய நகரங்களில் மட்டும் அல்ல, சின்ன ஊர்ப் பைபாஸ் ரோட்டிலும் இந்தப் பெயர் தொங்குகிறது. மஞ்சள் பஸ் வருகிறது. டை கட்டிய பிள்ளை ஏறிப் போகிறது.

சர்வதேசப் பள்ளிக்கூடம் என்று அதற்குப் பொருள். பல தேசத்துப் பிள்ளைகளும் படிக்கும் இடம் என்று அர்த்தம்.

உள்ளே போய்ப் பார்த்தால் பல தேசத்துப் பிள்ளைகள் இருக்கிறார்களா? பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்தான்!

அப்படியானால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ள சுவிட்சர்லாந்து நாட்டுக்குப் போக வேண்டும்.

எட்டுப் பிள்ளைகள்

முதல் உலகப் போர் முடிந்ததும், இனிமேல் சண்டை வரக்கூடாது என்று பல நாடுகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. அதற்குச் சர்வதேச சங்கம் என்று பெயர். இன்றைய ஐ.நா. சபைக்கு அது முன்னோடி.

சங்கத்தின் தலைமை அலுவலகம் ஜெனீவா நகரில் அமைந்தது. பல நாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு அங்கே வந்து குடியேறினார்கள். பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது?

அதற்காக 1924-ம் ஆண்டில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். தொடங்கும்போது பிள்ளைகள் எட்டே பேர்!

பள்ளிக்கூடம் வளர்ந்தது. பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். ஒன்றாக விளையாடினார்கள். கடைசி வகுப்பு வந்ததும்தான் சங்கடம்.

பிரெஞ்சுப் பையன் தன் நாட்டுக் கல்லூரியில் சேர பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டும். இங்கிலாந்துப் பெண்ணுக்கு இங்கிலாந்துப் பரீட்சை. அமெரிக்கப் பையனுக்கு அமெரிக்கப் பரீட்சை. சுவிட்சர்லாந்துப் பிள்ளைக்கு வேறு ஒன்று.

ஆக, ஒரே பள்ளிக்கூடத்தில் நான்கு பரீட்சைகள்! அதுவரை சேர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளை நாடு வாரியாகப் பிரிக்க வேண்டி வந்தது. கணக்குக்கு ஏது தேசம்? இரண்டும் இரண்டும் பாரிசிலும் நான்கு, லண்டனிலும் நான்குதானே!

அப்பாவுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். படிப்பை நடுவில் அறுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

வாத்தியார்கள் இறங்கினார்கள்

இந்தச் சிக்கலைத் தீர்க்க முன்வந்தவர்கள் மந்திரிகள் அல்ல. வகுப்பு நடத்திய வாத்தியார்களே வந்தார்கள்.

ஜெனீவா பள்ளிக்கூடத்தின் வரலாற்று ஆசிரியர் ராபர்ட் லீச் ஓர் அமெரிக்கர். அவருடைய முயற்சியால் 1962-ம் ஆண்டில் பல பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடினார்கள். எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு பாடத்தை எழுதிப் பார்ப்போம் என்றார்கள். முதலில் எடுத்துக்கொண்டது வரலாறு!

துணிச்சல்தான். ஒரு நாட்டின் வீரன் அடுத்த நாட்டுக்குப் பகைவன். சண்டை அதிகம் உள்ள பாடத்தையே முதலில் எடுத்தார்கள்.

பாடம் எழுதினால் மட்டும் போதுமா? பல்கலைக்கழகங்கள் அந்தப் பரீட்சையை ஏற்க வேண்டுமே! அதற்கு, வகுப்பும் தெரிந்த, பெரிய இடங்களில் பேச்சும் எடுபடும் ஒரு மனிதர் தேவைப்பட்டார். அவர்தான் அலெக் பீட்டர்சன்.

யார் இந்தப் பீட்டர்சன்?

ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவில் 1908-ம் ஆண்டில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தார். 1932-ம் ஆண்டில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார்.

இரண்டாவது உலகப் போர் வந்தது. வாத்தியாரைப் போர் இழுத்துக்கொண்டது. தென்கிழக்கு ஆசியாவில் மவுண்ட்பேட்டன் தலைமையில் இருந்த படையில், எதிரியின் மனதைக் கலைக்கும் பிரசாரப் பிரிவில் வேலை பார்த்தார். இந்தியாவின் கடைசி வைசிராயாக வந்தாரே, அதே மவுண்ட்பேட்டன்தான்.

போர் முடிந்ததும் பீட்டர்சன் பெரிய பதவி தேடிப் போகவில்லை. 1946-ம் ஆண்டில் நியூபோர்ட் என்ற சின்ன ஊரில் தலைமை ஆசிரியர் ஆனார்.

1952-ம் ஆண்டில் மறுபடி அழைப்பு வந்தது. மலாயாவில் அப்போது கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு பிரிட்டிஷ் அரசாங்கம் போராடிக்கொண்டு இருந்தது. அங்கே செய்தித் துறைக்குத் தலைவராகப் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர், எங்கே போனார்? டோவர் நகரில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போனார்!

1958-ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்வித் துறையை அவரிடம் ஒப்படைத்தது.

மூன்று பாடம் போதுமா?

இத்தனை ஆண்டுகளில் ஒரு விஷயம் அவர் மனதை உறுத்தியது.

இங்கிலாந்தில் 16 வயது ஆனதும் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவார்கள். அறிவியல் படிக்கும் பையனுக்கு இலக்கியம் இல்லை. இலக்கியம் படிக்கும் பெண்ணுக்குக் கணக்கு இல்லை. இது தவறு என்று பீட்டர்சன் 1960-ம் ஆண்டில் அறிக்கையே எழுதினார்.

ஆனாலும் மூன்று பாட முறை அசையவில்லை. சொந்த ஊரில் எடுபடாத யோசனைதான் பிறகு ஜெனீவாவில் உயிர் பெற்றது.

1962-ம் ஆண்டில் வேல்சு நாட்டில் ஒரு பழைய கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கியது. பல நாட்டு இளைஞர்களை ஒன்றாக வைத்துப் படிக்க வைக்கும் கல்லூரி அது. இட்லர் ஆட்சிக்குத் தப்பி வந்த ஜெர்மானியக் கல்வியாளர் கர்ட் ஹான் அதன் மூலகர்த்தா. அவருக்குப் பீட்டர்சன் துணை நின்றார். அங்கேயும் அதே கேள்விதான்: இந்தப் பிள்ளைகள் எந்த நாட்டுப் பரீட்சை எழுதுவது?

1968-ம் ஆண்டில் ஜெனீவாவில் "இண்டர்நேஷனல் பாக்கலோரியேட்" என்ற அமைப்பு பிறந்தது. சுருக்கமாக ஐ.பி. என்பார்கள். அதன் முதல் தலைமை இயக்குநர் பீட்டர்சன். அப்போது அவருக்கு வயது 60! ஆக்ஸ்போர்டு வேலையை விடாமலே இதையும் கவனித்தார்.

அந்தப் படிப்பில் ஆறு பாடங்கள். தாய்மொழி, இன்னொரு மொழி, வரலாறு போன்ற ஒன்று, அறிவியல், கணக்கு. ஆறாவதாக ஒரு கலை, அல்லது அதற்குப் பதில் இன்னொரு பாடம்.

அதோடு 4,000 வார்த்தை வரையில் சொந்தமாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். சமூக சேவை செய்ய வேண்டும். "எனக்குத் தெரியும் என்கிறாயே, அது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் ஒரு தனி வகுப்பும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வகுப்பாவது கிடைத்தால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

பணத் தட்டுப்பாடு வந்தது. அறக்கட்டளைகள் கொடுத்த நன்கொடை எத்தனை நாளைக்கு வரும்? 1976-ம் ஆண்டில் ஹேக் நகரில் பல அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி இதுபற்றிப் பேசினார்கள். அமைப்பு பிழைத்தது. அடுத்த ஆண்டில் பீட்டர்சன் பதவியை விட்டார். 1988-ம் ஆண்டில் காலமானார்.

கொடைக்கானலில்

அதே 1976-ம் ஆண்டில் இந்தப் படிப்பு இந்தியாவுக்கு வந்தது. முதலில் வந்த இடம் டெல்லியும் அல்ல, பம்பாயும் அல்ல. நம் கொடைக்கானல்!

அமெரிக்கப் பாதிரிமார்களின் பிள்ளைகளுக்காக 1901-ம் ஆண்டில் அங்கே தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

இப்போது உலகத்தில் 5,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஐ.பி. படிப்பு நடக்கிறது. இந்தியாவில் 200-க்கும் மேல். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பாடத்தை நடத்தும் பள்ளிகளும் ஏராளம்.

ஆனால், பலகையில் "இண்டர்நேஷனல்" என்று எழுதிவிட்டால் அது ஐ.பி. பள்ளிக்கூடம் ஆகிவிடாது. உள்ளே மத்திய போர்டு பாடமோ மாநிலப் பாடமோ நடக்கும் பள்ளிகள் பல. அந்தப் பாடங்களில் குறை ஒன்றும் இல்லை. பெயருக்காகக் கூடுதல் பணம் வாங்கினால் அதுதான் குறை.

ஐ.பி. அங்கீகாரம் சும்மா கிடைக்காது. விண்ணப்பித்த பள்ளிக்கு அந்த அமைப்பே ஓர் ஆலோசகரை நியமிக்கிறது. ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போக வேண்டும். பிறகு ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். அங்கீகாரம் கிடைத்த பிறகும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறு ஆய்வு உண்டு.

ஆலோசகராக வருகிறவர்கள் பெரும்பாலும் வகுப்பு நடத்தி, தலைமை ஆசிரியராக இருந்து பழகியவர்கள். இன்று இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. துபாயில் ஆசிரியர், பாங்காக்கில் துணைத் தலைமை, சிங்கப்பூரில் தலைமை, அப்புறம் கல்வி ஆலோசகர் என்று பலர் போகிறார்கள். சம்பளத்தோடு வீடு, விமான டிக்கெட், சொந்தப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு என்று பல இடங்களில் சலுகைகள் உண்டு.

"ஆலோசகர்" என்று அட்டை அடித்துக்கொண்டவர் எல்லாம் இந்த வழியில் வந்தவர் அல்ல. கட்டடம் எப்படிக் கட்டுவது, விளம்பரம் எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன்

ஐ.பி. படிப்புக்கு ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கேட்கும் பள்ளிகள் உண்டு. நிலத்தை அடகு வைத்துச் சேர்க்க நினைக்கும் குடும்பம் சில விஷயங்களை முன்பே கேட்டுவிட வேண்டும்.

பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்க ஆசையா? இந்தியாவில் மருத்துவம் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐ.பி.யின் சாதாரண விதிப்படி இரண்டு அறிவியல் பாடம்தான் எடுக்க முடியும். மூன்றாவதற்குச் சிறப்பு அனுமதி தேவை. அதைப் பதினோராம் வகுப்பில் சேரும்போதே பேசி முடிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தெரிந்து என்ன பயன்?

அடுத்தது, தலைமை ஆசிரியர். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்பது சகஜம். பிள்ளை படிப்பை முடிப்பதற்குள் அவர் விமானம் ஏறிவிடலாம்.

அவர் எத்தனை ஆண்டு வகுப்பு எடுத்தவர், இந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு இருப்பார் என்று கேட்பதில் தவறு இல்லை. கையில் சாக்பீசோடு பீட்டர்சன் வகுப்புக்குள் நுழைந்தது 1932-ம் ஆண்டில். ஜெனீவா நாற்காலியில் உட்கார்ந்தது 1968-ம் ஆண்டில்.