வீட்டு முயலும் கோவா இலையும்

கோவாவை வெட்டிச் சந்தைக்கு ஒழுங்குசெய்யும்போது கழிக்கும் வெளியிலைகளை முயலுக்கு இட்டுவிட்டால் அதன் தீன் முடிந்தது என்று எண்ணும் கமக்காரர் பலர். இது தவறான எண்ணமாகும். பூச்சிநாசினி மிகுதியாகப் படிவது அவ்வெளியிலைகளிலேயே. சந்தைக்குத் தகாத இலை, பிள்ளைகள் ஆசையோடு வளர்க்கும் பிராணிக்கு மாத்திரம் எவ்வாறு தகும்? முயலுக்கு வாந்தியெடுக்கும் இயல்பு கிடையாது. உண்ட நஞ்சைக் கக்கவும் அதனால் இயலாது.

முயலின் பிரதான உணவு புல்லேயாகும். அதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை; நார் மிகுந்த புல்லை இடைவிடாது அரைப்பதனாலேயே அவை தேய்கின்றன, குடலும் ஓயாது இயங்குகின்றது. மருந்தடிக்காத நிலத்திலே அறுகம்புல்லும் கினிப்புல்லும் அறுத்து, நன்கு உலர்த்தி, இரவும் பகலும் கூட்டிற் குறையாதிருக்குமாறு இடல் வேண்டும். கரட் சிறு துண்டொன்று போதும். அது முயலுக்குப் பலகாரம் போன்றது, சோறு அன்று. முயல் தன் மென்மையான எச்சத்தைத் தானே உண்பதைக் கண்டு சிலர் அருவருத்து அடிப்பர். அது நோயன்று, சத்தை மீண்டும் பெறும் வழியாதலால் தடுத்தலாகாது.

எருதுக்கு நிழல் தேடுபவரே முயற்கூட்டைத் தகரக் கூரையின்கீழ் வைத்துவிடுகின்றனர். முயல் வியர்ப்பதில்லை, உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே போக்கும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சித்திரை வெயிலுக்குக் கிடுகுக் கூரையும், கவிழாத மண்சட்டியிலே தண்ணீரும் இன்றியமையாதன.

அரை நாளாகத் தீன் தொடாத முயலை, மறுநாள் பார்க்கலாம் என விட்டுவிடாது, அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.