டின்னிலும் மூன்று பால் உண்டு

பலெர்மோ நகரின் தென்கிழக்கு விளிம்பில், மலையடிவாரத்தில் இருக்கும் சியாகுல்லி மாண்டரின் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். ஆசியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த அந்தத் தோடை இனம், 1940களில் இந்த மண்ணில் தானாகவே ஒரு மாற்றம் கண்டது. மற்ற மரங்கள் காய்த்து ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரை பழுக்கும் புது ரகம் பிறந்தது. பிந்திப் பழுப்பது என்று பொருள்படும் ‘தார்தீவோ’ என்ற பெயரால் அதை அழைக்கிறார்கள். ஸ்லோ ஃபுட் இயக்கம் அதைத் தன் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. வந்த இடத்தில் மாறிப்போன பழம் என்பதற்காக அதைப் போலி என்று யாரும் ஒதுக்கவில்லை. அதே நகரில் 1980கள் முதல் குடியேறி வாழும் ஈழத் தமிழரின் சமையலுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடைப்பதில்லை. தேங்காய்ப்பால் குழம்பான சொதியை டின்னில் வரும் தேங்காய்ப்பாலில் வைத்தால் அது சொதியே இல்லை என்ற குறை, புலம்பெயர்ந்தோர் நடுவே பழகிப்போன ஒன்று. ஆனால் குறை டின்னில் இல்லை. எந்தப் பாலை எப்போது சட்டியில் விடுவது என்ற அறிவு டின் வந்த வேகத்தில் கைநழுவிப் போவதுதான் உண்மையான இழப்பு. அதை மீட்கத் தென்னை மரம் தேவையில்லை.

துருவிய தேங்காய்ப்பூவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் வருவது முதற்பால். கட்டியானது, கொழுப்பு மிகுந்தது. அதே பூவை மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால். மூன்றாவது பிழிவில் வருவது வெளுத்த தண்ணீர் மாதிரி இருக்கும். சமைக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. யாழ்ப்பாணத்துச் சொதியிலும், திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைக்கும் சொதியிலும், கேரளத்து இஷ்டுவிலும் காய் வேகுவது தண்ணிப்பாலில்தான். முதற்பால் கடைசியில் வந்து, நுரை கட்டும்போதே அடுப்பைவிட்டு இறங்கிவிடும். சொதிக்குப் புளி விடுவது இறக்கிய பிறகு. இந்த விதி இந்த மூன்று இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் பாலுக்குள்ளேயே இருக்கிறது. தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அவை ஒன்றோடொன்று கூடிவிடாதபடி தேங்காயின் புரதம் சுற்றிலும் உறைபோல் நிற்கிறது. சூடு 80 பாகை செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அந்தப் புரதம் திரளும்; புளிப்புப் பட்டாலும் திரளும். உறை கலைந்ததும் எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் திப்பி திப்பியாக நிற்கும். தண்ணிப்பாலில் கொழுப்பு குறைவு என்பதால் காய் வேகும்வரை அது கொதித்தாலும் கறிக்குப் பெரிய சேதமில்லை. வேதியியல் படிக்காத கைகள் பழகிப் பழகிக் கண்டுபிடித்த ஒழுங்கு இது.

டின் இந்த ஒழுங்கைக் குலைத்தது எப்படி? மூன்று பாலை அது ஒன்றாக்கிவிட்டது. கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பு 2003இல் வகுத்த கணக்கின்படி, தேங்காய்ப்பால் என்று விற்பதில் குறைந்தது 10 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். ‘லைட்’ வகைக்கு 5 சதவீதம், தேங்காய்க் கிரீமுக்கு 20 சதவீதம். பிரியாமல் இருப்பதற்காகப் பல நிறுவனங்கள் கொத்தவரை இனத்து விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையைச் சேர்க்கின்றன. தேங்காய்ப்பால் மாவு வகைகள் பலவற்றில் பசும்பாலின் புரதமான கேசினேட்டும் கலந்திருக்கும். பசும்பாலைத் தவிர்ப்போர் பொதியின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. மூடியைத் திறந்து முழுவதையும் ஒரே ஊற்றாக ஊற்றினால், கறி முதலிலிருந்தே கட்டிப்பாலில் கொதிக்கிறது. காய் கொழுப்பில் மூழ்கி மெத்தென்றாகி, மஞ்சளும் மிளகாயும் மங்கி, எல்லாக் கறியும் ஒரே சுவைக்கு வந்து நிற்கிறது. டின் பால் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது என்று சொல்பவர்கள் உண்மையில் முறையிடுவது இந்த ஒரே ஊற்றைப் பற்றித்தான். பரிகாரம் எளிது. டின்னில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்தால் அது முதற்பால். மீதியில் அதே அளவோ, இன்னும் சற்றுக் கூடவோ தண்ணீர் கலந்தால் அது தண்ணிப்பால். தேங்காயும் தண்ணீரும் மட்டுமே கொண்ட டின் என்றால் இன்னும் வசதி. தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். பலெர்மோவின் மாரிகால இரவு அதற்குப் போதும். பால்கனியில் ஓர் இரவு வைத்த டின்னில் முதற்பால் தானே மேலே கட்டியாக வந்து நிற்கும்.

இந்த வரிசை பழக்கத்தால் வந்த பிடிவாதம்தான், தாய்லாந்தில் நேர்மாறாகச் செய்கிறார்களே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. தாய்லாந்துச் சமையலில் கட்டிப்பாலை முதலில் சட்டியில் விட்டு, எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயிலேயே அரைத்த மசாலாவை வதக்குகிறார்கள். இந்தோனேசியாவின் ரெண்டாங்கில் பால் வற்றி எண்ணெய் கக்கும்வரை இறைச்சி கிடந்து வேகிறது. இவை நம் விதியைப் பொய்யாக்கவில்லை, அதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. அங்கே பால் உடைவது சமையல்காரரின் விருப்பம். எப்போது உடைய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நமது சொதியும் பால்கறியும் வெண்மையும் மென்மையும் தேடுபவை, ஆகவே உடையாமல் காக்கிறோம். எந்தக் கறிக்கு எது வேண்டும் என்ற தெளிவு இருந்தால் இரண்டு வழியும் சரிதான்.

புதுத் தேங்காயின் மணம் டின்னில் வராது என்பதை மறுப்பதற்கில்லை. டின்னைக் கிருமி நீக்கும் சூட்டில் அந்த மணத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆனால் சிசிலியில் ஒப்பிட வேண்டியது ஊரில் காலையில் உடைத்த தேங்காயோடு அல்ல. கடல் கடந்து வந்து கடையில் காத்திருந்த தேங்காயோடுதான் ஒப்பிட வேண்டும். அது காறல் அடிக்கிறதா என்பது உடைக்கும்வரை தெரியாது. நல்லது கிடைத்த நாளில் துருவிப் பிழிவதை யாரும் தடுக்கப்போவதில்லை. மற்ற நாட்களில் வரிசை தெரிந்த கையில் டின் பால், வரிசை தெரியாத கையில் இருக்கும் புதுப்பாலைவிட நல்ல சொதியைத் தரும்.

இன்னும் கனமான மறுப்பு உடல்நலம் பற்றியது. தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது. தென்னை நம் கற்பகத்தரு என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. கணக்குப் பார்ப்போம். 17 சதவீதக் கொழுப்புள்ள 400 கிராம் டின்னில் 68 கிராம் கொழுப்பு. அதில் நிறைவுற்றது சுமார் 60 கிராம். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 15 கிராம். ஒரு நாளைய சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். ஆக, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு டின் தாங்கும். மூன்று கறிக்கு மூன்று டின் தாங்காது. வரிசை தெரிந்தவருக்கு ஒரு டின்னே இரண்டு கறிக்கு வரும். வேகவைக்க நீர்த்த பால், முடிக்க இரண்டு கரண்டி கட்டிப்பால். தாளிக்க சிசிலியின் ஒலிவ் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அடுத்தவர் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் முடித்துக் களைத்து வருபவருக்கு இதெல்லாம் கூடுதல் சுமை இல்லையா? இல்லை. ஊற்றுவதை இரண்டாகப் பிரிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. சிசிலியர்கள் வாதுமையை அரைத்து, தண்ணீர் விட்டு, துணியில் பிழிந்து பால் எடுக்கிறார்கள். அதைக் காய்ச்சி ‘பியாங்கோமஞ்சாரே’ என்ற வெண்மையான இனிப்புச் செய்கிறார்கள். மரத்தில் விளைவதைப் பிழிந்து பாலாக்கும் கலையில் இரண்டு தீவும் உறவு. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஜூன் 14 அன்று, தாவரப் பொருளைப் பால் என்று விற்கக்கூடாது எனத் தீர்ப்பளித்தது. அந்தத் தடைக்கு விலக்குப் பெற்ற மரபுப் பெயர்களில் தேங்காய்ப்பாலும் உண்டு, இத்தாலியின் வாதுமைப்பாலும் உண்டு. ஆகவே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது ஊரைப் பற்றிய ஏக்கப் பெருமூச்சை அல்ல. தண்ணிப்பால் முன்னே, முதற்பால் பின்னே, புளி இறக்கிய பிறகு என்ற மூன்று சொற்றொடரை. சிசிலி எலுமிச்சையைப் பிழிந்த பின்னும் சட்டியில் பால் திரையாமல் நின்றால், அந்த அறிவு கடல் கடந்து வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.