கம்ப்யூட்டருக்குக் குத்தகை விவசாயியைத் தெரியுமா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுக்கு இப்போது இ-சேவை மையத்திலேயே மனுச் செய்யலாம். இதை நாம் வரவேற்கிறோம். தாலுகா ஆபீஸ் வாசலில் புரோக்கருக்குக் கப்பம் கட்டி அலைந்த ஏழைக்கு இது சிறிய லாபமல்ல.

ஆனால் இயந்திரம் யாரை அறிகிறது? 2024 டிசம்பர் முதல் தேதிக் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பயிர்கள் மூழ்கின. பட்டாதாரர் பெயர் கணக்கில் இருக்கிறது. வாய்ப்பேச்சுக் குத்தகையில் பாடுபடுபவர் பெயரோ அடங்கலில் ஏறுவது அபூர்வம். பெயர் ஏறாதவருக்குப் பயிர் நிவாரணம் ஏது?

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. காகிதத்தில் விடுபட்ட பெயரைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து எடுத்துத் தரும்? நிலச்சுவான்தாரர் சம்மதித்தால்தான் பெயர் ஏறும் என்பது எழுதப்படாத சட்டமாக நடக்கிறது!

வருவாய், வேளாண்மை, ஊராட்சிக் கணக்குகளை ஒன்றாக இணையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கே வந்து, உழுபவர் பெயரை எழுதட்டும். அந்தப் பட்டியலைக் கிராமசபையில் வாசிக்கட்டும். மனுவைத் தள்ளினால் காரணத்தைத் தமிழில் எழுதித் தரட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இது நடந்தாக வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம்.